ஊறுகாய் ஜாடிக்கும் காலுக்கும் ஈரம் ஆகாது

கேள்வி: ‘சம்பா களையெடுப்புக்குப் போய் வந்ததிலிருந்து கால் விரலிடுக்கில் சேற்றுப்புண். மாமியாருக்குக் குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு, சர்க்கரையும் இருக்கிறது. உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்தார். கொப்புளம் வந்ததே மறுநாள்தான் தெரிந்தது. வீட்டிலேயே என்ன வைத்தியம் செய்யலாம்? வயலுக்குக் கஞ்சியோடு எடுத்துப்போக, கெட்டுப்போகாத ஊறுகாய், பொடி ஏதாவது சொல்லுங்கள்.’
- வாசகி, மீமிசல்.

பதில்: முதலில் மாமியாரின் கால். வெந்நீர் சுட்டது தெரியவில்லை என்றால், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுப்படாமல் இருந்தால் கால் நரம்புகள் இப்படி மரத்துப்போகும். அந்தக் கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, பச்சிலை எதுவும் அதன்மேல் வேண்டாம்.

வலி தெரியாத கால் எவ்வளவு ஆபத்தானது என்பது வேலூரில் தெரிந்த பாடம். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை; வலி தெரியாததால் பட்ட காயத்தின் மீதே நடந்து நடந்து புண் பெருகுகிறது என்று காட்டினார். சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணும் இதே வழியில்தான் வளர்கிறது. அப்படிப்பட்ட கால்களுக்கு என்றே மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு இருக்கிறது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு வீட்டில் செய்ய வேண்டியவை இவை. வீட்டுக்குள்ளும் செருப்பு. போடும் முன் செருப்பை உதறிப் பார்ப்பது. தினமும் இரவில் வீட்டில் ஒருவர் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்ப்பது. காலை ஊறவைப்பதும், பிளேடால் தோல் சீவுவதும் கூடவே கூடாது. ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பாதப் பரிசோதனை செய்கிறார்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும்.

சேற்றுப்புண்ணுக்கு: நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய தோல் வெளுத்துப் பிரியும், அதில் பூஞ்சை குடியேறும். ஆகவே மருந்தைவிடத் துடைப்பதுதான் முக்கியம். வயலைவிட்டு ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கிலும் பழைய பருத்தித் துணியை விட்டு ஈரம் போகத் துடைக்க வேண்டும். இரவில் பச்சை மருதாணி இலையுடன் மஞ்சள் சேர்த்து அரைத்து, இடுக்கில் அரைமணி நேரம் பூசிக் கழுவி, மறுபடியும் துடைத்துக் காயவிடலாம். மறுநாள் வயலில் இறங்கும் முன் பாதத்தில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டால் தண்ணீர் சட்டென ஊறாது. மண்ணெண்ணெய் ஊற்றுவது தோலை இன்னும் புண்ணாக்கும். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பூஞ்சைக் களிம்பு வாங்கி, புண் ஆறியதுபோலத் தெரிந்தாலும் அவர்கள் சொன்ன நாள்வரை போட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. வயல் தண்ணீரில் எலி சிறுநீர் கலந்திருந்தால், கால் புண் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் போகும். காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், ‘வயலில் இறங்கி வேலை செய்கிறேன்’ என்று மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

பித்தவெடிப்புக்கு: பெயரில்தான் பித்தம். காய்ந்து தடித்த தோல், உடல் எடை தாங்காமல் பிளப்பதுதான் காரணம். சர்க்கரை இல்லாதவர்கள் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் காலை வைத்து, பீர்க்கங்காய்க் கூட்டால் மெல்லத் தேய்த்துத் துடைக்க வேண்டும். தேன்மெழுகு 25 கிராம், தேங்காய் எண்ணெய் 100 மில்லி இரண்டையும், கொதிக்கும் தண்ணீரில் வைத்த கிண்ணத்தில் உருக்கி ஆறவைத்தால் களிம்பு தயார். படுக்கும் முன் குதிகாலில் பூசிப் பருத்தித் துணி சுற்றிக்கொள்ளலாம். மாமியாருக்குக் கொப்புளம் ஆறிய பிறகு, ஊறவைக்காமலும் தேய்க்காமலும் இதைக் குதிகாலில் மட்டும் பூசலாம். விரலிடுக்கிலும், ரத்தம் கசியும் வெடிப்பிலும் பூசக் கூடாது.

இனி ஊறுகாய். அங்கேயும் அதே விதிதான்: ஈரம் பட்டால் பூஞ்சை. எலுமிச்சை ஒரு கிலோவைக் கழுவித் துடைத்து, நிழலில் ஈரம் போக ஆறவிட்டு நறுக்க வேண்டும். கல் உப்பு 200 கிராம் போட்டுக் காய்ந்த ஜாடியில் குலுக்கி வைத்து, தினமும் காய்ந்த மரக்கரண்டியால் கிளறினால், இரண்டு வாரத்தில் தோல் மெத்தென்றாகும். நல்லெண்ணெய் 150 மில்லியைக் காயவைத்து, கடுகும் பெருங்காயமும் தாளித்து அடுப்பை அணைக்க வேண்டும். சற்று ஆறியதும் மிளகாய்த்தூள் 75 கிராம், வறுத்த வெந்தயத்தூள் இரண்டு தேக்கரண்டி சேர்த்து, முழுக்க ஆறிய பிறகு ஜாடியில் கலக்கலாம். எண்ணெய் மேலே நிற்க வேண்டும். வயலுக்குத் தனிச் சிமிழில் எடுத்துப்போனால் ஜாடியில் கை படாது.

மாமியாருக்கு இந்த ஊறுகாய் வேண்டாம். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தக் கொதிப்பும் சேர்ந்திருந்தால் ஊறுகாய், கருவாடு இரண்டையும் குறைக்க வேண்டும். அவருக்குக் கறிவேப்பிலைப் பொடி செய்து கொடுக்கலாம். நிழலில் காயவைத்த இலை இரண்டு கைப்பிடி, உளுந்து இரண்டு மேசைக்கரண்டி, மிளகு, சீரகம் தலா ஒரு தேக்கரண்டி, வற்றல் நான்கு, சிறு துண்டுப் புளி ஆகியவற்றைத் தனித்தனியாக எண்ணெய் இல்லாமல் வறுத்து, உப்பு அரைத் தேக்கரண்டி சேர்த்துப் பொடிக்க வேண்டும். மோர்க்கஞ்சிக்கு நன்றாக இருக்கும். காய்ந்த கரண்டியால் எடுத்தால் ஒரு மாதம் வரும்.

பொடி அரைப்பதை நாளைக்குத் தள்ளி வைக்கலாம். மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதைத் தள்ளி வைக்க வேண்டாம்.