ஆயுள் கூடிய பிறகு

1946இல் இலங்கைப் பெண்ணின் சராசரி ஆயுள் சுமார் 42 வருடம். ஆணைவிடக் குறைவு. பிரசவமும் மலேரியாவும் அவளைக் கொண்டுபோயின. இன்று அது 80ஐ நெருங்குகிறது. ஆணை எப்போதோ முந்திவிட்டாள். வீடு வீடாக நடந்த குடும்பநல மருத்துவமாதுவுக்கு இதில் பெரும் பங்குண்டு. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், மாதவிடாய் நின்று முப்பது வருடம் கழிந்த ஆச்சிமார் இப்போது அபூர்வமல்ல. யுத்தத்துக்கும் 2004 சுனாமிக்கும் தப்பியவர்கள், கிணற்றடியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாகிறார்கள்.

மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரஜன் குறைகிறது. எலும்பு கரையும் வேகத்துக்குப் புதிது வளர்வதில்லை. அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1940களின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டார். அளப்பதுதான் சிரமமாக இருந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் தெரியவரும்போது எலும்பில் ஏறத்தாழ மூன்றிலொன்று போயிருக்கும். 1980களின் பிற்பகுதியில் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா இயந்திரம் வந்தது. இளம் பெண்களின் சராசரி அடர்த்தியைவிட 2.5 நியம விலகல் அல்லது அதற்கும் மேல் குறைந்தால் எலும்பு நலிவு நோய் என்று 1994இல் உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்தது.

எருமைத் தயிரும் நெத்தலியும் உள்ள ஊரில் எலும்புக்கு என்ன குறை என்பார்கள். தயிர்ச்சட்டி கடைக்குப் போகிறது. கறந்தவள் வீட்டில் பிளேன்ரீதான். நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உள்ள குரக்கனும் அன்றாடச் சாப்பாட்டிலிருந்து விலகிவிட்டது. சாப்பாட்டைத் திருத்தினாலும் வயதின் இழப்பு முழுதாக நிற்காது. ஆகவே யாருக்கு ஆபத்து என்று முன்கூட்டித் தெரியவேண்டும்.

அதற்கு முதலில் இயந்திரம் வாங்கவேண்டும் என்பது என் கட்சியல்ல. ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட, எலும்பு முறியும் ஆபத்தைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் முறையில் இலங்கைக்குத் தனிக் கணக்கே உண்டு. வயது, உயரம், நிறை, முன்பு எலும்பு முறிந்ததா, ஸ்டீரொய்ட் மருந்து எடுக்கிறாரா என்று சில கேள்விகள். அடர்த்தி தெரியாவிட்டாலும் கணக்கு வரும். ஆபத்துக் கூடியவரை மட்டும் டெக்ஸாவுக்கு அனுப்பலாம். வாசலும் திறந்தே இருக்கிறது: 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக், 35 வயதுப் பெண்களைக் கூப்பிட்டு நீரிழிவும் இரத்த அழுத்தமும் புற்றுநோயும் பார்க்கிறது.

ஃப்ராக்ஸில் இன்னொரு கேள்வி, பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்ததா என்பது. மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான் சீதனம். தாய் பெரும்பாலும் மகளோடோ அடுத்த வளவிலோதான் முதுமையடைகிறாள். கிளினிக்குக்கு வரும் மகள் பதிலை யோசிக்கவே தேவையில்லை. தாயைத் தூக்கிக் குளிப்பாட்டியவள் அவள்தானே. அவளுடைய கிளினிக் அட்டையில் அந்தக் கேள்விக்கு ஒரு வரி ஒதுக்கலாம். அறுபது கடந்த அம்மாவை அடுத்த முறை கூட்டிவரச் சொல்லி இன்னொரு வரியும்.