பொம்மையோடு திருப்புளியும் கொடுங்கள்

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாக் கடையில் வாங்கிய உருமாறும் ரோபோவைப் பிள்ளை கழற்றினால் அதட்டுகிறோம். அதட்டக் கூடாது என்பதே என் கட்சி. ஜப்பானின் தகாரா நிறுவனம் வடிவமைத்த பொம்மைகளை 1984-இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது, இந்தியாவில் எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் அவற்றைத் தயாரித்தது. கார் மனிதனாகும் வித்தையெல்லாம் அதன் மூட்டுகளில் இருக்கிறது. பிரித்து, புது வண்ணம் பூசி, மறுபடி கோப்பவனுக்கே அந்த வித்தை பிடிபடும்.

ஒவ்வொரு திருகாணியைக் கழற்றும்போதும் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகே வண்ணம். அதையும் மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். மூட்டு உரசும் இடத்தில் வண்ணம் தடித்தால் கை மடங்காது, பூச்சும் உரியும். கடுமையான தின்னர் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். அதைப் பெரியவர்கள்தான், காற்றோட்டமான இடத்தில் கையாள வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடிக் காற்று புழுதியும் சாரலும் கொண்டுவந்து ஈர வண்ணத்தில் அப்பிவிடும். அதனால் கோடை விடுமுறையே தோதான காலம்.

பிரித்ததைத் திரும்பக் கோக்கும் பிள்ளை பொறுமையையும் வரிசையையும் பொறியியலையும் ஒருசேரக் கற்கிறது. பெற்றோரே, அடுத்த திருவிழாவில் பொம்மை வாங்கும்போது ஒரு சின்னத் திருப்புளியும் சேர்த்து வாங்குங்கள்.