டயருக்குள் ஒரு பேட்டரி

ஸ்டார்ட் பண்ணியதும் டயர் விளக்கு ஒரு நிமிஷம் கண்ணடித்துவிட்டு அப்புறம் எரிந்துகொண்டே இருந்தால், கோளாறு காற்றில் இல்லை ஸார், பெரும்பாலும் சென்ஸாரில். உள்ளே இருக்கிற பேட்டரி ஐந்திலிருந்து பத்து வருஷம் வரும். அதை மட்டும் மாற்ற முடியாதபடி பூசி அடைத்திருப்பார்கள், புண்ணியவான்கள்! ‘நாலையும் மாத்திடுங்க’ என்பார்கள். பில்லைப் பார்த்தால் நமக்குக் காற்று இறங்கிவிடும்.

செத்தது எது என்று ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். சில கார்களில் டயருக்குள் சென்ஸாரே கிடையாது, ஏ.பி.எஸ். சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்தே கணக்குப் போடும். இருந்தால், புரோகிராம் பண்ணுகிற வெளிமார்க்கெட் சென்ஸார் மலிவு. பழையது 315 மெகாஹெர்ட்ஸா, 433-ஆ என்று பார்த்து வாங்குங்கள். புது டயர் போடும்போதே மாற்றினால் கழற்றி மாட்டும் கூலி மிச்சம். அதுவரை கையில் ஒரு பிரஷர் கேஜ். விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டுகிற ஆசாமிகளோடு ஹைவேக்கு நான் வரமாட்டேன்.