பாப்பாவை யாரிடம் விடுவது? 8.30 மணி ஷிப்டுக்கு ஓடும் திருப்பூர் தாய்மார்கள் படும் பாடு

திருப்பூர்:

காலை 7.30 மணிக்கு அனுப்பர்பாளையம் பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையில் குழந்தையின் பை, இடுப்பில் குழந்தை என்று பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் பஸ்சை எதிர்பார்த்து நிற்பார்கள். பஸ் வரும். படியில் ஆள் தொங்கும். "குழந்தை இருக்குதுண்ணே, கொஞ்சம் உள்ள போங்க" என்று சத்தம் போட்டு ஏறுகிறவர்கள் ஏறுவார்கள். ஏற முடியாதவர்கள் செல்போனில் மணியைப் பார்ப்பார்கள்.

8.30 மணிக்கு கம்பெனியில் பெல் அடித்து விடும். பத்து நிமிடம் லேட்டானால் சூப்பர்வைசர் பேச்சு. அரை மணி நேரம் லேட்டானால் சில கம்பெனிகளில் வாட்ச்மேன் கேட்டையே திறக்க மாட்டார். அன்றைய ஷிப்ட் போச்சு.

சொந்தமாக கார் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. பின்சீட்டில் குழந்தையை உட்கார வைத்து, பிளே ஸ்கூல் வாசலில் இறக்கி விட்டு, நேராக ஆபீசுக்குப் போய் விடுவார்கள். லைன் வீட்டில் குடியிருக்கும் கைமடி, செக்கிங், பிசிர் வெட்டும் பெண்களுக்குத்தான் இந்தத் தினசரி ஓட்டம்.

2024-25ம் ஆண்டில் 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. அந்த பனியனைத் தைத்து, மடித்து, பெட்டி கட்டுகிற பெண்கள் காலையில் கைக்குழந்தையை எங்கே விடுவது என்ற கேள்விக்குத்தான் இன்னும் சரியான பதில் இல்லை.

டிக்கெட் இலவசம்தான், ஆனால்...

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லி விட முடியாது. 2021ம் ஆண்டு மே மாதம் சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. அதற்கு முன் தினமும் இரண்டு பஸ் மாறிப் போனவர்களுக்கு மாதம் பல நூறு ரூபாய் மிச்சம் ஆனது. அடுத்த ஆண்டே, 2022ல், 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு அரசு பஸ்சில் டிக்கெட் வேண்டாம் என்றும் அறிவித்தார்கள். ஆக, தாயும் பிள்ளையும் காசில்லாமல் போகலாம்.

ஆனால் இங்கே தட்டுப்பாடு காசு மட்டும் அல்ல, நேரமும்தான்.

15 வேலம்பாளையத்தில் வீடு, காங்கயம் ரோட்டில் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பஸ் பிடித்து, புஷ்பா தியேட்டர் ஸ்டாப் நெரிசலில் நின்று, ரயில்வே பாலம் ஏறி இறங்கி பழைய பஸ் ஸ்டாண்டு வர வேண்டும். அங்கே இறங்கி காங்கயம் ரோடு பஸ்சுக்கு இன்னொரு தடவை நிற்க வேண்டும். தனி ஆளாக இருந்தால் ஓடிப் போய்த் தொற்றிக்கொள்ளலாம். இடுப்பில் ஒன்றரை வயது குழந்தையோடு எப்படித் தொற்றுவது? இலவச பஸ்சை விட்டால் அடுத்தது தனியார் பஸ்சோ மினி பஸ்சோதான். அதில் பெண்களுக்கு இலவசம் கிடையாது. காசு கொடுத்தாலும் கூட்டம் அதே கூட்டம்தான். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். ரயில்வே சுரங்கப்பாலத்தில் தண்ணீர் தேங்கினால் பஸ் சுற்றிக்கொண்டு போகும்.

ஆட்டோ? கணக்குப் போட்டால் அதுவும் உதைக்கிறது. ஒரு ஷிப்ட் சம்பளம் 400 ரூபாய் என்றும், ஆட்டோவுக்கு ஒரு தடவைக்கு 80 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், போக வர 160 ரூபாய். சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ரோட்டிலேயே போய் விடும். வாரம் ஆறு நாளுக்கு 960 ரூபாய். சனிக்கிழமை சம்பளக் கவரில் மீதி என்ன இருக்கும்?

பால்வாடி திறக்கும்போது ஷிப்ட் தொடங்கி விடும்

வீட்டுப் பக்கத்திலேயே பால்வாடி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. தமிழ்நாட்டில் அங்கன்வாடி மையங்கள் மட்டும் 54 ஆயிரத்துக்கு மேல். பல வீதிகளில் நடந்தே போய் விடும் தூரம்தான். சோறு, முட்டை, சத்து மாவு எல்லாம் கிடைக்கிறது. பல மையங்களில் டீச்சரும் ஆயாவும் நல்ல மாதிரியாகவே பார்த்துக்கொள்கிறார்கள்.

சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. அங்கன்வாடி திறப்பதே காலை எட்டரை, ஒன்பதுக்குத்தான். கம்பெனி பெல்லும் எட்டரைக்கு. பால்வாடி வாசலில் குழந்தையை விட்டு விட்டுத்தான் பஸ் ஏற வேண்டும் என்றால் எந்தப் பெண்ணும் வேலைக்கே போக முடியாது. சாயங்காலம் மூன்றரை, நாலுக்குள் மையத்தைப் பூட்டி விடுவார்கள். கம்பெனியில் ஒரு ஷிப்ட் முடியவே ஐந்தரை ஆகும். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். இரவு எட்டரைக்குத்தான் வெளியே வர முடியும். அதோடு, 2 வயது ஆனால்தான் பால்வாடியில் உட்கார வைத்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் சத்து மாவு பாக்கெட் கிடைக்கும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காது. கோடை விடுமுறை வந்தால் மே மாதம் அந்தக் கதவும் மூடியிருக்கும். பனியன் கம்பெனிக்கு ஏது கோடை லீவு?

மத்திய அரசின் குழந்தைகள் காப்பகத் திட்டம் என்று ஒன்று உண்டு. 2022ல் அதற்கு 'பால்னா' என்று பெயர் மாற்றி, அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களும் தொடங்குவதாகச் சொன்னார்கள். 6 மாதக் குழந்தையையும் விடலாம் என்பதால் இது பால்வாடியை விடப் பரவாயில்லை. ஆனால் பழைய தேசிய காப்பகத் திட்ட விதியில் ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம் திறந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருந்தார்கள். ஷிப்டோ சாப்பாட்டு நேரம், டீ நேரம் சேர்த்து 9 மணி நேரம். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் சேர்த்தால் 11 மணி நேரம். ஏழரை எங்கே, பதினொன்று எங்கே? இந்த விதியை எழுதியவர்கள் டவுன் பஸ்சில் போய் வந்தவர்களாகத் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனிக்குள்ளேயே குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பது புதுச் சட்டம் அல்ல. 30 பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு அறை வேண்டும் என்று 1948ம் வருடத்து தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. 2017ல் பேறுகால சட்டத்தைத் திருத்தியபோது, 50 தொழிலாளர்கள் இருந்தால் காப்பகம் கட்டாயம், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்று சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21ந் தேதி அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் 50 பேர் கணக்கு அப்படியே இருக்கிறது. நாலு தடவை பார்க்கும் உரிமையும் இருக்கிறது. அது தாய்க்கு மட்டும்தான். அப்பாவைப் பற்றிப் பேச்சே இல்லை.

திருப்பூரில் சட்டத்துக்குள் வராத இடங்கள் ஏராளம். ஒரு வீட்டு மாடியில் பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் யூனிட்டில் 20 பேர், 30 பேர்தான் இருப்பார்கள். 50 பேர் கணக்கு அவர்களைத் தொடாது. கைமடிப் பெண்கள் நிறையப் பேர் இருப்பது இந்த மாதிரி இடங்களில்தான்.

பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகள் பலவற்றில் காப்பகம் இருக்கிறது. நல்லபடியாக நடத்துகிறவர்களும் உண்டு. ஆனால் சில இடங்களில் தொட்டில் இருக்கும், பொம்மை இருக்கும், சுவரில் யானைப் படம் இருக்கும், குழந்தைதான் இருக்காது. ஆடிட் பார்க்க வருகிறவர்கள் அறையைப் பார்த்து டிக் அடித்து விட்டுப் போய் விடுகிறார்கள். குழந்தை அந்த அறைக்கு எப்படி வந்து சேரும் என்று கேட்பதில்லை.

ஏன் குழந்தை வருவதில்லை? காரணம் பஸ்தான். காலைக் கூட்டத்தில் 8 மாதக் குழந்தையை இடித்துப் பிடித்துக் கொண்டுவர எந்தத் தாய்க்கும் மனசு வராது. பல கம்பெனிகள் சுற்றுக் கிராமங்களுக்கு வேன் அனுப்பி ஆள் ஏற்றுகின்றன. ஆனால் எல்லா வேனிலும் குழந்தையை ஏற்ற மாட்டார்கள். சீட்டுக் கணக்கு, இன்சூரன்ஸ் என்று காரணம் சொல்வார்கள். வேன் சீட்டில் ஒரு டெய்லர் உட்கார்ந்தால் கம்பெனிக்கு வேலை நடக்கும், குழந்தை உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்ற கணக்குதான். அந்தக் குழந்தை வராவிட்டால் அந்த டெய்லரும் வர மாட்டார் என்பதை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஆள் கிடைக்கவில்லை என்ற புகார் மட்டும் ஊர் முழுக்கக் கேட்கிறது.

டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் முன்னால் குழந்தை

கணவரிடம் மொபட் இருக்கும் வீடுகளில் கதை கொஞ்சம் மாறும். முன்னால் குழந்தை நிற்கும், பின்னால் மனைவி. ஆனால் வண்டி ஒன்று, கம்பெனி இரண்டு. அவருக்கு பல்லடம் ரோடு, இவருக்கு பெருமாநல்லூர் ரோடு என்றால் இரண்டு பேரில் ஒருவர் லேட்டாகத்தான் போக வேண்டும்.

2022 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்தது. டூவீலரில் 4 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைக் கூட்டிப் போனால் ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு பெல்ட் வேண்டும், 9 மாதத்துக்கு மேல் என்றால் அளவான ஹெல்மெட் வேண்டும், 40 கிலோ மீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. ஒரு வருடம் கழித்து அமலுக்கு வந்தது. நல்ல விதிதான். ஆனால் அந்தப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு போகும் ஒரு வண்டியை ரோட்டில் பார்ப்பதே அபூர்வம்.

பெண்களே வண்டி ஓட்டட்டும் என்று 2018ல் அம்மா ஸ்கூட்டர் திட்டம் வந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு பாதி விலை அல்லது 25 ஆயிரம் ரூபாய் வரை மானியம். 2021க்குப் பிறகு அது தொடரவில்லை. இலவச பஸ் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது உண்மை. ஆனால் குழந்தையைக் கொண்டுபோய் விட்டு விட்டு வேலைக்குப் போகிறவளுக்கு ஸ்கூட்டர் மிச்சப்படுத்தும் முக்கால் மணி நேரத்தை பஸ் தராது.

கடைசியில் யார் தலையில்?

வழி இல்லாதபோது வீட்டுக்குள்ளேயே ஒரு வழி தேடுகிறார்கள். காம்பவுண்டில் இருக்கும் வயசான அம்மாவிடம் வாரச் சம்பளம் பேசி விடுவது ஒன்று. நல்ல அம்மாவாக அமைந்தால் அதிர்ஷ்டம். அவருக்குக் காய்ச்சல் வந்தால் இவளுக்கும் லீவு. ஐந்தாவது, ஆறாவது படிக்கும் மூத்த பெண் குழந்தையை "இன்னைக்கு ஒரு நாள் தம்பியப் பாத்துக்க" என்று நிறுத்துவது இன்னொன்று. அந்த ஒரு நாள் வாரத்துக்கு இரண்டு நாள் ஆகி, அப்புறம் ஸ்கூலே நின்று விட்ட பிள்ளைகளும் உண்டு.

மூன்றாவதுதான் கொடுமை. தேனி, திண்டுக்கல், மதுரை பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் குழந்தையை ஊரில் பாட்டியிடம் விட்டு விடுகிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது பிள்ளை அம்மாவைப் பார்த்துப் பாட்டி சேலைக்குள் ஒளிகிறது. போனில் முகம் பார்த்து வளர்க்க வேண்டியதுதான்.

ஒரே தீர்வு எல்லோருக்கும் சரிப்படாது. பால் குடிக்கும் குழந்தை தாயின் பக்கத்தில், அதாவது கம்பெனியில் இருக்க வேண்டும். அதற்கு கம்பெனி வேனில் முன்சீட்டு இரண்டு கைக்குழந்தைத் தாய்மார்களுக்கு என்று ஒதுக்கினாலே பாதி வேலை முடியும். 2 வயது தாண்டிய குழந்தையை பஸ்சில் இழுத்துக்கொண்டு அலைய வேண்டியது இல்லை. அது வீட்டுத் தெருவிலேயே இருக்கட்டும். கம்பெனி காப்பகங்களுக்கு 2018ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலே, காப்பகம் வேலை இடத்திலோ குடியிருப்புப் பகுதியிலோ 500 மீட்டருக்குள் இருக்கலாம் என்கிறது. நாலைந்து சின்ன யூனிட்காரர்கள் சேர்ந்து லைன் வீடுகள் இருக்கும் பகுதியில் ஒரு காப்பகம் நடத்த சட்டம் தடுக்கவில்லை. பனியன் தொழிலாளர்கள் குடியிருக்கும் வார்டுகளில் பால்வாடியைக் காலை 7 மணிக்குத் திறந்து மாலை 6.30 மணி வரை வைத்திருக்கலாம். ஏற்கனவே இருக்கும் டீச்சர், ஆயா தலையிலேயே அதையும் கட்டாமல், இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்க வேண்டும். கட்டிடம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. கூடுதலாக வேண்டியது இரண்டு ஆட்களின் சம்பளம்.

இதை மனுவாக எழுதி கலெக்டர் ஆபீசில் கொடுக்கலாம். குறைதீர்க்கும் கூட்டம் திங்கட்கிழமை நடக்கிறது. பல்லடம் ரோட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போய், வரிசையில் நின்று திரும்பினால் ஒரு ஷிப்ட் போய் விடும். அன்றைக்கும் பாப்பாவை யாரிடமாவது விட்டு விட்டுத்தான் போக வேண்டும்.