சக்கரத்துக்கு வழி விடுக!

பனையிலிருந்து விழுந்தான். உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கிணறு வெட்டும்போது மண் சரிந்தது, முதுகெலும்பு முறிந்தது. கட்டடத்தின் சாரம் உடைந்தது. கால் இரண்டும் செயலற்றுப் போயின. அருப்புக்கோட்டைச் சீமையிலே, திருச்சுழி வட்டாரத்திலே, வானம் பார்த்த இந்தக் கரிசல் பூமியிலே, கேட்டுக் கேட்டுப் பழகிப்போன செய்திகள் இவை!

ஊரார் வருவர், திண்ணையிலே அமர்வர். "விதி" என்பார் ஒருவர். "முன்வினை" என்பார் மற்றொருவர். பத்து நாள் பேச்சு. பிறகு அவரவர் வேலை. கட்டிலிலே கிடப்பவன் மட்டும் கூரையைப் பார்த்தபடி கிடப்பான், நேற்றுவரை நெடும்பனையை அணைத்து ஏறிய தோளுடையவன்!

நாம் கேட்கிறோம்: தேய்ந்துபோன கயிற்றுக்கு விதி என்று பெயரா? முட்டுக் கொடுக்காத கிணற்றுக்கு முன்வினை என்று பெயரா? விழுந்தவனை நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, வளைத்து, வண்டியிலே திணிக்கிறார்களே, முறிந்த எலும்பு நரம்பை மேலும் நசுக்கிவிடுமே, அதற்கும் ஆண்டவனா பொறுப்பு? பலகையிலே அசையாமல் கிடத்தித்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்று ஊருக்கு ஊர் சொல்லித் தராத குற்றம் யாருடைய குற்றம்?

விதிவாதிகளுக்கு ஒரு பெண்ணின் வரலாற்றைச் சொல்வோம். கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்திலே பிறந்தவர், சாந்தல் பெதிக்ளேர். 13 வயதிலே, பண்ணைக் களஞ்சியத்தின் கனத்த கதவு அவர்மீது சாய்ந்தது. முதுகெலும்பு முறிந்தது, கால்கள் ஓய்ந்தன. நம் ஊர்ப் பனையேறிக்கு நேர்ந்ததே அந்தச் சிறுமிக்கும் நேர்ந்தது. ஆனால், பிறகு நடந்தது வேறு.

பள்ளி அவரை வெளியே தள்ளவில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் நீந்தக் கற்றுக்கொடுத்தார். கல்லூரி வயதிலே பயிற்சியாளர் ஒருவர் சக்கர நாற்காலிப் பந்தயத்தைக் காட்டினார். கையால் செய்த ஒரு நாற்காலியிலே முதல் பந்தயம் ஓடினார். கடைசியாக வந்தார்! கடைசியாக வந்தவர் வீட்டுக்குப் போய் முடங்கிவிடவில்லை. 1992-இல் பார்சிலோனாவிலே வெண்கலம். 1996-இல் அட்லாண்டாவிலே தங்கம். 2008-இல் பெய்ஜிங்கிலே ஐந்து தங்கம். மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கிலே மொத்தம் 21 பதக்கங்கள். அவற்றுள் 14 தங்கம்! 2016-இல் கனடா நாடாளுமன்றத்தின் மேலவையிலே உறுப்பினராக அமர்ந்தார். எந்தச் சாமி வரம் கொடுத்தது? ஓர் ஆசிரியர், ஒரு நீச்சல் குளம், ஒரு பயிற்சியாளர், ஒரு நாற்காலி, அது ஓடத் தக்க ஒரு பாதை. இவைதாம் அந்த வரம்!

அந்தப் பாதையைத் தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? லுட்விக் குட்மன் என்ற மருத்துவர். யூதராய்ப் பிறந்த ஒரே காரணத்துக்காக இட்லரின் ஜெர்மனி அவரை வாட்டியது. 1939-இல் இங்கிலாந்திலே அடைக்கலம் புகுந்தார். பிறப்பைக் காட்டி விரட்டப்பட்டவர்தான், பிழைக்க மாட்டார்கள் என்று மற்றவர் கைவிட்டவர்களைப் பிழைக்க வைத்தார்! முதுகெலும்பு முறிந்தோரைப் பெரும்பாலும் கொன்றது முறிவு அல்ல. படுக்கைப் புண்ணும் சிறுநீரகக் கோளாறுமே. ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையிலே 1944 முதல், இரண்டு மணிக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தார். பிறகு எழுப்பி உட்காரவைத்தார். பிறகு விளையாட வைத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அவரது மருத்துவமனைத் திடலிலே வில்லெடுத்து அம்பு விட்டனர். 1960-இல் அது ரோம் நகருக்கு வளர்ந்தது. 1964-இல் டோக்கியோவிலே சக்கர நாற்காலி ஓட்டமும் சேர்ந்தது.

அந்த ஓட்டத்தின் நாற்காலி, மருத்துவமனையிலே தள்ளிச் செல்லும் நாற்காலி அல்ல. பின்னே இரண்டு பெரிய சக்கரங்கள், மேற்புறம் உள்ளே சாய்ந்து நிற்கும். முன்னே நீண்ட தண்டின் முனையிலே சிறு சக்கரம் ஒன்று. சங்கிலி கிடையாது, பல்சக்கரம் கிடையாது. வீரர் காலை மடக்கி, உடலைக் குனித்து, கெட்டியான கையுறை அணிந்து, சக்கரத்தோடு இணைந்த சிறு வளையத்தைக் குத்திக் குத்தித் தள்ளுவார். மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம்! கழுத்தெலும்பு அடிபட்டுக் கைவிரல் தளர்ந்தவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. ஓட்டத்தின் மூலதனம் தோளும் நெஞ்சும் கையும். தோழர்களே, பனையேறியிடம் இல்லாத தோளா? தறியாளியிடம் இல்லாத கையா? மூட்டை சுமப்பவனிடம் இல்லாத நெஞ்சா?

இந்திய மண்ணிலே வீரம் இல்லாமலா போயிற்று? 1965 போரிலே குண்டு பாய்ந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்த மராட்டியப் படைவீரர் முரளிகாந்த் பெட்கர், 1972-இல் ஹைடல்பர்க் நகரிலே 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கிலே இந்தியாவின் முதல் தங்கம்! அவருக்குப் பத்மஸ்ரீ எப்போது கிடைத்தது? 2018-இல்! நாற்பத்தாறு ஆண்டு! நீந்திக் கடக்க அவருக்கு அரை நிமிடத்துக்குச் சற்றே மேல். நிமிர்ந்து பார்க்க டில்லிக்கு அரை நூற்றாண்டு!

அறிவிலே நாம் பின்தங்கியவர்களும் அல்லர். 1954-இல் கார் விபத்திலே கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்தார். 1960-களிலே வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு வழிகாட்டினார். பத்து நாள் பேச்சோடு முடங்கிப் போகும் நம் ஊர்க்காரனுக்கு, அந்த வேலூர் எவ்வளவு தூரம்!

"ஊனமுற்றோர்" என்ற சொல்லை அகற்றி, "மாற்றுத்திறனாளி" என்ற மதிப்புமிகு சொல்லை 2010-இல் அரசுப் பெயராக்கியவர் கலைஞர். சொல் மட்டுமா தந்தார்? 2011-லும் 2016-லும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தேர்தல் களம் கண்டு, திருவாரூரிலே வென்றும் காட்டினார். ஐந்து முறை முதலமைச்சராக இருந்த அவருக்கு, சட்டமன்றத்திலே அந்த நாற்காலி வந்து நிற்கத் தக்க இடம் கேட்டோமே, கிடைத்ததா? அவருக்கே அந்தக் கதி என்றால், திருச்சுழித் தொழிலாளிக்கு என்ன கதி என்பதை எண்ணிப் பாருங்கள்!

2016-இல் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் வந்தது. 2025-இல், உள்ளாட்சி மன்றங்களிலே அவர்களை உறுப்பினராக நியமிக்கத் தமிழ்நாடு சட்டம் செய்தது. மகிழ்ச்சி! ஆனால், உறுப்பினரான தோழர் வந்து சேரும் ஊராட்சி அலுவலகத்திலே ஏழு படி இருந்தால்? மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு லாரி பறக்க நான்கு வழிச் சாலை அருப்புக்கோட்டையைத் தொட்டுச் செல்கிறது. அதே வட்டாரத்துத் தெருவிலே ஒரு நாற்காலி நூறு அடி ஓட வழியுண்டா?

ஆகவே, கழகத் தோழர்களுக்குக் கூறுகிறோம். உங்கள் கிளை எல்லையிலே கட்டிலில் கிடப்போர் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். அடையாள அட்டையும் உதவித்தொகையும் வாங்கித் தருவதோடு நின்றுவிடாதீர்கள். பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் சாய்தளம் கேளுங்கள். பந்தய நாற்காலி ஒன்றின் விலை பல லட்சம். ஏழை ஒருவனால் முடியாது. மாவட்ட மைதானத்திலே பொதுவாக நாலு நாற்காலி வையுங்கள், பயிற்சி தர ஓர் ஆளை அமர்த்துங்கள் என்று மனுப் போடுங்கள். மறுத்தால் மீண்டும் போடுங்கள். ஓடுகிறவர்களில் ஒருவன் பதக்கம் பெறுவான். மற்றவர்கள்? வீட்டை விட்டு வெளியே வந்திருப்பார்கள்! அதுவே பெரும் பதக்கம்!

"ஐயோ பாவம்" என்பதைக் கேட்டுக் கேட்டு அவன் காது புளித்துவிட்டது. அவன் கேட்பது ஒரு சாய்தளம், ஒரு நாற்காலி, ஒரு பாதை. வழி விடுங்கள், ஓட்டத்தை அவன் பார்த்துக்கொள்வான்!