விளக்கும் கணக்கும்

மே 12, நைற்றிங்கேல் அம்மையார் பிறந்த நாள். அன்று தாதியரைத் 'தியாகச் சுடர்' என்று மேடைகள்தோறும் போற்றுகின்றனர். நம் மாத்தளைப் பாடசாலைகளும் இதற்கு விலக்கல்ல. இப்புகழ்ச்சியில் ஒரு வஞ்சகம் உண்டு.

இரத்தப் புற்றுநோய் விடுதியில் தாதி செய்வது வெறும் தியாகமா? மருந்தேற்றிய சில நாட்களில் நோயாளியின் வெண்குழியங்கள் அருகிவிடுகின்றன. தொற்று ஏற்பட்டாலும் பெரும்பாலும் சீழ் தோன்றாது. காய்ச்சல் ஒன்றே அபாய அறிவிப்பு. ஒரு மணி நேரத்துள் நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றப்படல் வேண்டும். வின்கிறிஸ்டின் என்னும் மருந்து நாளத்தில் ஏறினால் சிகிச்சை. தவறி முள்ளந்தண்டில் ஏறினால் மரணம். இவற்றையறிந்து காவல் நிற்பது அன்பு மட்டுமா? அறிவு, ஐயா, அறிவு!

லயத்திலிருந்து கண்டிக்கோ மகரகமவுக்கோ பிள்ளையைச் சுமந்து செல்லும் தாய், "முரசில் இரத்தம் கசிகிறது, இரவெல்லாம் நடுங்கினான்" என்பதை யாரிடம் சொல்வாள்? தமிழறிந்த தாதி அருகிலிருந்தால் நல்லது, இல்லையேல் கைச்சாடைதான். அத்தாதி எங்கிருந்து வருவாள்? தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ கற்றிருத்தல் வேண்டும். தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றில் அவ்வகுப்பே கிடையாது. "தாதியாவேன்" என்று கட்டுரை எழுதும் தோட்டத்துச் சிறுமி ஈற்றில் கலைப்பிரிவில் அமர்கிறாள். தியாகத்தைப் பற்றி மேடையில் பேசவும் அவளைத்தான் அனுப்புகிறோம்!

கிரிமியப் போரில் காயத்தினும் நோயே பிரித்தானியச் சிப்பாய்களை அதிகம் கொன்றதென 1858இல் வரைபடமிட்டு ஆட்சியாளருக்குக் கணக்குக் காட்டியவர் நைற்றிங்கேல். அக்கணக்கை மறைத்துவிட்டு, விளக்கை மட்டும் அவர் கையில் விட்டுவைத்தோம்.

அடுத்த மே மாதம் பொன்னாடை வேண்டாம். மலைப் பாடசாலைக்கு ஓர் இரசாயனவியல் ஆசிரியரை அனுப்புங்கள்.