அஜித்தின் பெராரியும் நம்ம ஆயிரம் சிசியும்

2024 ஜூலையில் அஜித் குமார் ஒரு சிவப்பு பெராரிக்குப் பக்கத்தில் நிற்கிற படம் டுபாயிலிருந்து வந்தது. அன்றைக்குக் கண்டியில் எங்களுக்குத் தெரிந்த பாதிப் பேருடைய வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அதுதான். கட்டுகஸ்தோட்டையில் போன் கடையில் நிற்கிற தம்பி, மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கிற தங்கச்சி, பேராதனையில் எங்களோடு பொருளியல் படிக்கிற மச்சான், எல்லாருக்கும் ஒரே படம், ஒரே வசனம்: இத்தனை கோடி! செப்டெம்பரில் போர்ஷே வந்தது. அதற்கும் இத்தனை கோடி. அடுத்த வருஷம் மெக்லாரன் சென்னா. மறுபடியும் இத்தனை கோடி. எதிர்த் தரப்பு சும்மா இருக்குமா? விஜய்யின் ரோல்ஸ் ரொய்ஸை இழுத்துக்கொண்டு வந்து நடுவில் விட்டார்கள். இரண்டு நடிகர்களின் கராஜுகள் மோதின. கண்டியில் யாருக்கும் ஒரு லீற்றர் பெற்றோல்கூட மிச்சமாகவில்லை.

எங்களுக்குச் சண்டை இந்தக் கோடிக் கணக்கோடுதான். அஜித்தோடு இல்லை. கார் ஆசையோடும் இல்லை. சொல்லப்போனால், கார் ஆசை உள்ளவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள் காரைப் பார்ப்பதே இல்லை என்பதுதான் எங்கள் முறைப்பாடு.

அந்த மூன்று காரையும் கொஞ்சம் பாருங்க. முதலில் வந்தது பெராரி எஸ்எஃப்90. டர்போ பூட்டிய வி8 எஞ்சின், அதோடு மூன்று மின்மோட்டர், எல்லாம் சேர்ந்தால் கிட்டத்தட்ட 1000 குதிரைவலு. சார்ஜ் ஏற்றி, எஞ்சினை எழுப்பாமலே கொஞ்சத் தூரம் சத்தமில்லாமல் போகலாம். இரண்டு மாதம் கழித்து வந்த போர்ஷே 911 ஜீடி3 ஆர்எஸ்ஸில் மோட்டரும் இல்லை, டர்போவும் இல்லை. பின்பக்கம் ஒரு 4 லீற்றர், ஆறு சிலிண்டர் எஞ்சின், அதற்கு மேலே கதவு அகலத்துக்கு ஒரு இறக்கை. வலு 520 சொச்சம்தான். அதாவது பாதி!

ஆயிரம் குதிரைவலுவுள்ள காரை வைத்திருக்கிற ஒருவர், அடுத்து ஐந்நூறு குதிரைவலுக் காரை எதற்கு வாங்குகிறார்? கார் பிடித்தவனுக்கு வர வேண்டிய முதல் கேள்வி இதுதான். பதில் காருக்குள்ளேயே இருக்கிறது. நேர் றோட்டில் பறக்க பெராரி போதும். வளைவில் எந்த இடத்தில் பிரேக் விட வேண்டும், எங்கே டயர் பிடியை விடப் போகிறது என்று கைக்கும் முதுகுக்கும் சொல்லித்தருகிற கார் மற்றது. பந்தயத் தடத்தில் ஓடுகிற காருக்கு நம்பர் பிளேட் மாட்டிவிட்ட மாதிரி. மூன்றாவதாக வந்த சென்னா இன்னும் ஒரு படி மேலே. றோட்டில் ஓட்டுவதற்கென்று 500 கார்தான் செய்தார்கள். சொகுசு என்று சொல்ல உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. 1994 மே 1இல் இமோலாவில் நடந்த பந்தய விபத்தால் இறந்துபோன அயர்ட்டன் சென்னாவின் பெயர் அதற்கு. (மே 1 அஜித்தின் பிறந்த நாளும்தான். இதைக்கூட எந்த ரசிகர் பக்கமும் போட்டு நாங்கள் பார்க்கவில்லை. விலையைப் போட்டார்கள்.)

அவர் மனதில் என்ன இருந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் வரிசையைப் பார்த்தால் திசை தெரிகிறது. ஒவ்வொரு காரும் வீட்டு வாசலை விட்டுத் தடத்தின் பக்கம் நகர்கிறது.

ஆனால் அவருடைய தேர்வுகளிலேயே நல்லது இந்த மூன்றிலும் இல்லை. அது 2025 ஜனவரியில், டுபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் நடந்தது. சொந்தமாக ஓர் அணி தொடங்கி, அதன் பெயரிலேயே போர்ஷே ஒன்றைக் களத்தில் இறக்கியிருந்தார். ஜனவரி 7, பயிற்சி ஓட்டத்தில் கார் தடுப்பில் அடித்துச் சுழன்றது. அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. தன் அணியின் காரை ஓட்டுவதிலிருந்து அவரே விலகிக்கொண்டார். மற்ற ஓட்டுநர்கள் ஓட்டினார்கள். கார் 991 பிரிவில் மூன்றாவதாக வந்தது. அவர் வேறொரு பிரிவில் வேறொரு போர்ஷேயில் ஏறி, தன் பங்கு மணித்தியாலங்களை ஓட்டி முடித்தார். சொந்தக்காரன் இறங்கி நின்றால் கார் நன்றாக ஓடும் என்றால் இறங்கி நிற்பது! காரை வைத்திருப்பதற்கும் காரை நேசிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக யாரும் செய்துகாட்ட முடியாது. ஸ்டேட்டஸில் என்ன வந்தது? கொடியோடு ஓடுகிற ஸ்லோமோஷன்.

நடிக்க வருவதற்கு முன் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்காகக் கொஞ்ச நாள் பயிற்சி எடுத்தவர். 2003இல் போர்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010இல் போர்முலா டூ என்று ஓடியவர். 2011இல் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். 2021இல் ‘தல’ என்று கூப்பிட வேண்டாம் என்றார். 2024 டிசம்பரில், கடவுளே என்று கோஷம் போடுவதை நிறுத்தச் சொல்லி அறிக்கை விட்டார். டுபாயில் மைக்கைப் பிடித்து, எங்களை வாழ்க என்கிறீர்களே, நீங்கள் எப்போது வாழப்போகிறீர்கள் என்றே கேட்டார். அந்தக் கேள்வியையும் வெட்டி, பின்னால் பாட்டுப் போட்டு ரீல்ஸ் ஆக்கியாயிற்று. ஒரு மனுஷன் இதற்கு மேல் எத்தனை தடவைதான் சொல்வார்?

இனி நம்ம பக்கம் வருவோம். அவர் ஆயிரத்திலிருந்து ஐந்நூறுக்கு வந்தது ரசனை. கண்டியில் ஒருவர் கார் மாற்றினால் அதற்குப் பெயர் வர்த்தமானி.

இந்த நாட்டில் காருக்கான உற்பத்தி வரி எஞ்சினின் சிசியை வைத்து. ஒரு கட்டத்தைத் தாண்டினால் ஒவ்வொரு சிசிக்கும் கூடுதலாகக் கட்ட வேண்டும். மின்சாரக் காருக்கு மோட்டரின் கிலோவாட் கணக்கு. அதற்கு மேல் சொகுசு வரி, அதற்கும் மேல் 18 வீதம் வற். இந்த அட்டவணைதான் நம்ம ஊர் கார் ரசிகனின் ஜாதகம். பேராதனை றோட்டில் ஒரு கராஜ் வாசலில் நின்று பார்த்தால் போதும். தொண்ணூறுகளின் ஹொண்டா சிவிக் நிற்கும், மிட்சுபிஷி லான்சர் நிற்கும். அதெல்லாம் ஜப்பானில் பாவித்துக் கழித்து, ரீகண்டிஷன் என்று வந்து இறங்கிய காலம். பக்கத்திலேயே ஒரு ஹொண்டா சிஆர்-இஸட். அது ஏன் நம்ம ஊரில் இவ்வளவு? அழகான கார், சந்தேகமில்லை. ஆனால் அது ஹைபிரிட். 2010களின் தொடக்கத்தில் ஹைபிரிட்டுக்கு வரிச் சலுகை இருந்தது. ஸ்போர்ட்ஸ் காரை ஹைபிரிட் என்ற பெயரில் கொண்டுவந்து இறக்கலாம் என்று தெரிந்ததும் ஆட்களுக்கு அந்த மொடலில் காதல் வந்தது. எப்போதாவது கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு குட்டி எஸ்660 கண்ணில் படும். இரண்டு சீட், நடுவில் எஞ்சின், மேல்கூரையைக் கழற்றலாம். 658 சிசி! சிரிக்காதீங்க, ஓட்டிப் பார்த்தவர்கள் சிரிப்பதில்லை. வளைவுக்கென்றே செய்த கார் அது. அதை இங்கே கொண்டுவந்தவர்களில் எத்தனை பேர் வளைவுக்காகக் கொண்டுவந்தார்கள், எத்தனை பேர் சிசிக்காகக் கொண்டுவந்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் டொலரே இல்லாமல் போனது. கியூஆர் கோட்டைக் காட்டி பைக்குக்கு வாரம் 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அடித்த காலத்தில், ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவரும் ஆல்ட்டோ வைத்திருந்தவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். இலங்கை வரலாற்றில் கார்ச் சமத்துவம் வந்த ஒரே காலம் அதுதான் என்று எங்கள் நண்பன் ஒருவன் சொல்வான். 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது. பழைய காதலர்கள் எல்லாரும் இப்போது ஆயிரம் சிசிக்குள் டர்போ போட்ட ஜீப் மாதிரி ஒன்றையோ, மின்சாரக் காரையோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மனம் மாறிவிட்டதா? அட்டவணை மாறிவிட்டது. பெமிட் என்ற ஒன்று இருந்ததே, எம்பிமாருக்கும் பெரிய உத்தியோகத்தர்களுக்கும், அது கையில் இருந்தவர்களுக்கு மட்டும் மனமும் அட்டவணையும் எப்போதும் ஒத்துப்போனது.

அந்தக் கதவு திறப்பதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? 2025 ஜனவரி. ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்று சொல்லி, பஸ்ஸிலும் த்ரீவீலிலும் மேலதிகமாகப் பூட்டிய லைட், ஹோர்ன், அலங்காரம் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிப் பொலிஸார் றோட்டில் நின்றார்கள். ஆபத்தான லைட்டையும் காதைக் கிழிக்கிற ஹோர்னையும் கழற்றத்தான் வேண்டும், அதில் எங்களுக்குப் பேச்சில்லை. ஆனால் த்ரீவீல் அண்ணாமார் சில ஆயிரம் ரூபாய்க்குள் தங்கள் வண்டியைத் தங்களுடையதாக ஆக்கிக்கொள்கிற ஒரே வழி அது. ஸ்பொய்லர் மாதிரி ஒரு தகடு, பின்கண்ணாடியில் ஒரு நடிகர், சீட்டுக்கு இரண்டு நிறத் தையல். கோடி ரூபாய்க் கார்க்காரன் செய்தால் ரசனை, த்ரீவீல்காரன் செய்தால் குப்பை. அஜித் டுபாயில் ஓடிய அதே மாதம்தான் அவர் ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகள் இங்கே றோட்டோரமாக நின்றன. அதைப் பற்றி எத்தனை ரசிகர் பக்கம் எழுதியது?

இந்த இடத்தில் எங்கள் பீடத்துத் தோழர்கள் குறுக்கிடுவார்கள்: கார் என்பதே முதலாளித்துவ மோகம், இதில் என்ன நல்ல ரசனை, கெட்ட ரசனை? அவர்களோடும் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. கராஜில் எண்ணெய்க் கையோடு நிற்கிற பதினெட்டு வயதுப் பையனுக்கு எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்தச் சிலிண்டர் அடிக்கவில்லை என்று தெரியும். அது அறிவு. அதை மோகம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் அவர்கள் சொல்வதில் ஒன்று சரி. கார் டொலரில் வருகிறது. அந்த டொலரில் ஒரு பங்கு தேயிலையில் வருகிறது, ஆண்டுக்கு 100 கோடி டொலருக்கு மேல். 2024இல் பெரிய சண்டைக்குப் பிறகு கொழுந்து பறிக்கிறவர்களுக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். அந்தப் பணத்தில் இறங்குகிற காரைப் பார்த்து அந்த வீட்டுப் பிள்ளையே ‘மாஸ்’ என்று ஸ்டேட்டஸ் போடுகிறபோது எங்களுக்கு எங்கேயோ குத்துகிறது. ‘அவர் உழைத்தார், வாங்கினார்’ என்பார்கள். உண்மைதான், அஜித் உழைத்தார். உங்கள் அம்மாவும் உழைக்கிறாரே.

மலையகத்துக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்காதீங்க. நுவரெலியாவில் மாகஸ்தோட்டைத் தோட்டத்து மலைப்பாதையில் 1930களிலிருந்து கார்கள் நேரம் வைத்து ஏறுகின்றன. வெள்ளைக்காரத் துரைமார் காலத்து விளையாட்டு. ஓடியவர்கள் யார், பாதை வெட்டியவர்கள் யார் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. தியத்தலாவை பொக்ஸ் ஹில்லில் இன்னொரு வகை: மண் தடம், பழைய மினி, போர்ட் லேசர், மஸ்தா. கோடி ரூபாய்க் கார் இல்லை. கராஜில் உயிர்கொடுத்து எடுத்த 1300 சிசி. எங்களைக் கேட்டால் இந்த நாட்டின் உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் அதுதான்.

அங்கேதான் 2024 ஏப்ரல் 21ஆம் தேதி, ஐந்து வருஷத்துக்குப் பிறகு நடந்த பந்தயத்தில், ஒரு கார் தடத்தை விட்டுப் பார்க்க வந்தவர்கள் மேல் பாய்ந்தது. 7 பேர் செத்தார்கள். ஒரு பிள்ளைக்கு வயது எட்டு. இரண்டு வாரம் எல்லாரும் பேசினோம், பிறகு ஜூலையில் பெராரி வந்தது.

கார் ரசிகர்கள் என்று ஒரு கூட்டம் உண்மையிலேயே இங்கே இருந்தால் அவர்கள் கேட்க வேண்டியது எத்தனையோ இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு சைலன்சரைத் திறந்துவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கமாகப் பறக்கிறவர்களுக்கு, றோட்டை விட்டுவிட்டு ஓட்ட ஒரு இடம் வேண்டும். நாலு பக்கமும் மலை, நடுவில் கிண்ணம் மாதிரி நகரம், புகை வெளியே போக வழியில்லாத ஊர் இது. தலதா மாளிகைக்கு முன்னால் போகிற பாதை 1998 குண்டுக்குப் பிறகு வாகனங்களுக்கு மூடியே கிடக்கிறது, மிச்சப் பாதைகளில் எல்லாரும் முண்டியடிக்கிறோம். இங்கே நூறு குதிரைவலுவையே முழுசாகப் பாவிக்க முடியாது. வாரத்தில் ஒரு நாள், தலைக்கவசத்தோடு, அம்புலன்ஸோடு, காசு குறைவாக ஓடக்கூடிய ஒரு சின்னத் தடம் கேட்டு மாநகர சபைக்கோ மாகாண சபைக்கோ எந்த மன்றமாவது ஒரு கடிதம் எழுதியிருக்கிறதா? கட்டவுட்டுக்குக் காசு சேர்க்கத் தெரிகிறது, ரசீதுப் புத்தகம்கூட அடிக்கத் தெரிகிறது.

அடுத்த தடவை பந்தயம் என்று அறிவித்தால் போங்க. நாங்களும் வருவோம். கராஜ் பையன்களையும் கூட்டிக்கொண்டு போங்க, எந்தக் கார் ஏன் முந்துகிறது என்று உங்களைவிட அவர்களுக்குத் தெரியும். உள்ளே போனதும் முதலில், தடத்துக்கும் நீங்கள் நிற்கிற இடத்துக்கும் நடுவில் என்ன தடுப்பு இருக்கிறது என்று அங்கே நிற்கிற அதிகாரியிடம் சத்தமாகக் கேளுங்க. பதில் வரும் வரைக்கும் பிள்ளைகளை முன்னால் விடாதீங்க.